பிளக் இல்லாத காருக்குப் பிளக் வெச்ச கதை

இன்னைக்கு ஒரு காரோட கதை.

2004, கலிஃபோர்னியா. டொயோட்டா பிரியஸ் அப்போ பேர்போன ஹைபிரிட் கார். பெட்ரோல் இன்ஜினும் உண்டு, மின்சார மோட்டாரும் உண்டு. ஆனா சார்ஜ் போட வழியே கிடையாது. ‘பிளக்கே வேண்டாம்’ என்பதைத்தான் கம்பெனி பெருமையாகச் சொன்னது.

பீலிக்ஸ் கிராமர் தொடங்கிய ‘கால்கார்ஸ்’ குழு வேற மாதிரி யோசிச்சது. பிரியஸ் பேட்டரி மொத்தமே சுமார் 1.3 யூனிட்தான் பிடிக்கும். அதை ஏத்துறதும் கடைசியில் பெட்ரோல்தான். பெரிய பேட்டரி வெச்சு, ராத்திரி வீட்டுக் கரண்ட்டில் ஏத்தினா? பக்கத்துல போய்வரப் பெட்ரோல் ரொம்பக் குறையுமே!

ரான் கிரெம்பன் என்ற இன்ஜினியர் முன்னின்று, ஒரு பிரியஸின் பின்பக்கம் லெட்-ஆசிட் பேட்டரிகளை அடுக்கினார்கள். நம்ம வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிற வகைதான். கனம் அதிகம், ஆயுள் குறைவு. வேகம் கூடினா இன்ஜினும் சேர்ந்துக்கும். ஆனா வண்டி ஓடுச்சு.

இன்னொரு விஷயம். ஜப்பான் பிரியஸில் மோட்டாரில் மட்டும் ஓட்ட ஒரு பட்டன் உண்டு. அமெரிக்க வண்டியில் பட்டன் மட்டும் இல்லை. உள்ளே கம்ப்யூட்டர் அதுக்குத் தயாராவே இருந்தது! வாரண்டி போகலாம்னு தெரிஞ்சே சிலர் அந்தப் பட்டனைத் தாங்களே பொருத்திக்கிட்டாங்க.

2012-ல் டொயோட்டாவே பிளக் வெச்ச பிரியஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேட்டரி 4.4 யூனிட்.

அந்தக் குழு புதுசா எதையும் கண்டுபிடிக்கலைன்னு சிலர் சொல்லலாம். சரிதான். ஆனா ‘முடியுமா’ங்கிற கேள்வியை ரோட்டில் ஓட்டிக் காட்டி முடிச்சு வெச்சாங்க. அதுக்கப்புறம் மிச்சம் இருந்தது, ‘ஏன் நீங்க செய்யல?’ங்கிற கேள்விதான். எனக்கு அதுதான் பெரிய வேலையாத் தெரியுது.