பட்டில் நெய்த பறவைகள்

பட்டு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது புடவையும் வேட்டியும்தான். ஆனால் ஐரோப்பாவில், தேவாலயத் திரைச்சீலைகளுக்கும் சுவரில் தொங்கவிடும் அலங்காரத் துணிகளுக்கும் பல நூற்றாண்டுகள் பட்டு நெய்யப்பட்டது. அவற்றில் மயிலும் புறாவும் கழுகும் இடம்பெற்றது வெறும் அழகுக்காகவா?

இல்லை. கிறிஸ்தவர்களுக்குப் புறா தூய ஆவியின் அடையாளம். சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவை உயிர்த்தெழுதலைக் குறித்தது. மயில் இறவாமையின் சின்னம். மயில் இறைச்சி அழுகாது என்பது அக்கால நம்பிக்கை. கார்த்தேஜ் நகரில் தமக்குப் பரிமாறப்பட்ட மயில் இறைச்சியை எடுத்துவைத்துச் சோதித்துப் பார்த்ததாகப் புனித அகுஸ்தீன், 'கடவுளின் நகரம்' என்ற நூலில் எழுதியிருக்கிறார்.

இந்தத் துணிகளில் பறவைகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக, எதிரெதிரே நிற்கும். பாரசீகப் பட்டுகளில் இருந்த இந்த அமைப்பைப் பைசாந்திய நெசவாளர்களும் கையாண்டனர். அதற்குத் தறியும் ஒரு காரணம். அக்காலத் தறியில் பாவு இழைகளைக் கயிறுகள் கட்டித் தூக்குவார்கள். ஓர் உருவத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி நெய்தால், பாதிக் கயிறுகளே போதும். இப்படித் தறியின் வசதியும் பக்தியும் ஒரே துணியில் கைகோத்தன.

மங்கோலியர் ஆட்சிக் காலத்தில் சீனப் பட்டு மேற்கே வந்தது. இத்தாலியின் லூக்கா நகர நெசவாளர்கள் அதிலிருந்த சீன ஃபீனிக்ஸ் பறவையைத் தங்கள் துணியில் சேர்த்துக்கொண்டனர். சீனாவில் அது அரசியையும் நல்லாட்சியையும் குறித்த பறவை. உருவம் கடல் கடந்து வந்தது. பொருள் கூடவே வரவில்லை. 1314-இல் லூக்கா சூறையாடப்பட்ட பிறகு, நெசவாளர்கள் பலர் வெனிஸ் போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். கலையும் அவர்களோடு பரவியது.

1804-இல் வந்த ஜக்கார்ட் தறி, சிக்கலான சித்திர நெசவை எளிதாக்கியது. 1879-இல் வில்லியம் மோரிஸ் 'புறாவும் ரோஜாவும்' என்ற திரைச்சீலைத் துணியைப் பட்டும் கம்பளி நூலும் கலந்து வடிவமைத்தார். தேவாலயத் திரையில் வணங்கப்பட்ட பறவை, வீட்டு வரவேற்பறைக்கு வந்துவிட்டது.

ஆனாலும் அடையாளங்கள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. மலேசியா, சிங்கப்பூர் சீனர்களின் திருமண அலங்காரங்களில் ஃபீனிக்ஸ் இன்றும் மணமகளைக் குறிக்கிறது. பறவையின் வடிவத்தைத் தறி காப்பாற்றிவிடும். அதன் பொருளைக் காப்பாற்றுவது, அதைச் சொல்லிக்கொடுக்கும் மக்கள்தான். சொல்வோர் இல்லாமல் போனால், எஞ்சுவது வெறும் பூவேலைதான்.