மயக்கமருந்தும் இருதயத் துடிப்பும்

1847ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் எடின்பரோ நகரத்து வைத்தியர் யேம்ஸ் யங் சிம்சன் குளோரபோம் என்னும் மயக்கமருந்தை வழக்கிற் கொணர்ந்தார். சத்திரசிகிச்சையின் கொடுவேதனை ஒழிந்ததென மக்கள் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி மூன்று திங்களும் நிலைக்கவில்லை. 1848 சனவரி 28ஆந் திகதி, இங்கிலாந்தின் நியூகாசில் நகரையடுத்த வின்லேற்றன் என்னும் ஊரில், கால்விரல் நகமொன்றை அகற்றுதற்பொருட்டு அம்மருந்தை முகர்ந்த ஹன்னா கிறீனர் என்னும் 15 வயதுச் சிறுமி சில நிமிடங்களுள் உயிர்நீத்தாள். சிகிச்சைக்குமுன் அவள் பெரிதும் அஞ்சிக் கலங்கியிருந்தாள்.

மரணத்தின் காரணம் யாது? மயங்கியவள் வாயில் ஊற்றிய மதுவே என்றார் சிம்சன். செறிந்த ஆவி இருதயத்தை நிறுத்தியதென்றார் யோன் சினோ. 1888, 1889ஆம் ஆண்டுகளில் ஐதராபாத்து நிசாமின் ஆதரவில் ஆராய்ந்த இரு குழுக்களோ, சுவாசம் நின்ற பின்னரே இருதயம் நிற்குமென முடிவுகட்டின. அவற்றை முன்னின்று நடாத்திய எட்வேட் லோறி, மருந்து கொடுப்போர் சுவாசத்தையே நோக்குக, நாடியை நோக்கவேண்டா என்றுங் கற்பித்தார்.

1911ஆம் ஆண்டில் குட்மன் லெவி இவ்வழக்கைத் தெளிவித்தார். குளோரபோமால் அரைமயக்கமுற்ற பூனைகளுக்கு அதிரினலின் செலுத்தியபோது, இருதயவறைகள் ஒழுங்கிழந்து நடுங்கி ஓய்ந்தன. அதிரினலினோ அச்சமுற்ற உடல் தானே சுரப்பது. ஆகவே, மிகுதியான மருந்து மாத்திரமன்றி, அச்சத்தோடு கூடிய அரைமயக்கமும் உயிரைப் போக்கவல்லதாயிற்று.

பிறப்பிலேயே இத்தகைய ஆபத்துக்கு ஆளான இருதயங்களும் உள என்பது பின்னர்ப் புலனாயிற்று. 1957இல் நோர்வே நாட்டின் யேர்வெல், லாங்கே நீல்சன் என்போர், ஒரு குடும்பத்தின் ஆறு பிள்ளைகளுள் செவிப்புலனற்ற நால்வர் அடிக்கடி மூர்ச்சையுற்றதையும், அவருள் மூவர் திடீரென இறந்ததையும் விவரித்தனர். இருதய மின்வரைவில் கியூரி இடைவெளி நீண்டிருந்தது. செவிப்புலன் குன்றாதாரிடத்தும் இக்குறை உண்டென 1963இல் இத்தாலியின் ரொமானோவும், 1964இல் அயர்லாந்தின் வோட்டும் காட்டினர். 1995, 1996ஆம் ஆண்டுகளில் இதற்குரிய பரம்பரையலகுகள் சில இனங்காணப்பட்டன.

இன்று இத்தகையோர்க்குச் சத்திரசிகிச்சை மறுக்கப்படுவதில்லை. வைத்தியர் குடும்ப வரலாற்றை வினவி, மின்வரைவை ஆராய்வர்; அதிரினலினின் வேகத்தைத் தடுக்கும் பீற்றா தடுப்பு மருந்தை இடைநிறுத்தார்; இடைவெளியை நீட்டும் மருந்துகளை விலக்குவர்; குருதியின் பொற்றாசியம், மகனீசியம் குறையாது காப்பர்; துடிப்பை மீட்கும் மின்கருவியை அருகே வைத்திருப்பர். இவற்றோடு, நோயாளியின் அச்சந் தணித்தலும் ஆழ்ந்த மயக்கம் பேணலும் இன்றியமையாதனவாம். அச்சந் தணித்தல் இரக்கத்தின்பாற்பட்டது மாத்திரமன்று; உயிர்காக்கும் வைத்தியமுமாம்.