வாக்கியத்துக்குள்ள ஒரு மரம்

‘த போலீஸ் சேஸ்ட் த தீஃப் ஆன் எ ஸ்கூட்டர்.’ இந்த இங்கிலீஷ் வாக்கியத்துல ஸ்கூட்டர்ல இருந்தது யாரு? போலீஸா, திருடனா?

தமிழ்ல ‘ஸ்கூட்டர்ல போன திருடனை’ன்னு சொன்னா ஒரு அர்த்தம், ‘திருடனை ஸ்கூட்டர்ல துரத்துச்சு’ன்னா வேற அர்த்தம். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் அதே எட்டு வார்த்தை, அதே வரிசை. அப்போ அந்த வித்தியாசம் எங்கேதான் இருக்கு? எந்த வார்த்தை எதோட சேருதுங்கிறதுல இருக்கு. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சேர்க்கையைக் காகிதத்துல வரைஞ்சு காட்டப் பார்த்தவங்களோட கதைதான் இன்னைக்கு. இதை ஆரம்பிச்சு வெச்சவங்க பள்ளிக்கூட வாத்தியாருங்க.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வகுப்பறைகள்ல இலக்கணப் பாடம்னா ‘பார்சிங்’. பையன் எழுந்து நின்னு ஒவ்வொரு வார்த்தையா ஒப்பிக்கணும்: இது பெயர்ச்சொல், இது ஒருமை, இது இந்த வேற்றுமை. ரயில்ல டிக்கெட் செக் பண்ற மாதிரி ஒவ்வொண்ணா தாண்டிப் போகலாம். ஆனா எந்தப் பயணி எந்தக் குடும்பம்னு கடைசி வரைக்கும் தெரியாது.

நியூயார்க் மாநிலத்துல ஹோமர்ங்கிற சின்ன ஊர். அங்கே ஆசிரியரா இருந்த ஸ்டீஃபன் வாட்கின்ஸ் கிளார்க், 1847ல ஒரு இலக்கணப் புத்தகம் போட்டார். வார்த்தைகளை பலூனுக்குள்ள போட்டு, பலூன்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வரைஞ்சார். சின்ன வாக்கியத்துக்கு அழகாத்தான் இருக்கும். பெரிய வாக்கியம்னா பக்கம் முழுக்க திராட்சைக் கொத்து மாதிரி ஆயிடும்.

முப்பது வருஷம் கழிச்சு, 1877ல, புரூக்ளின்ல வேலை பார்த்த ரெண்டு ஆசிரியர்கள், அலான்சோ ரீடும் பிரெய்னர்ட் கெல்லாக்கும், பலூன்களை எடுத்துட்டு கோடுகளைக் கொண்டு வந்தாங்க. புத்தகம் ‘ஹையர் லெசன்ஸ் இன் இங்கிலீஷ்’. நேரா ஒரு படுக்கைக் கோடு. அதை முழுசா வெட்டிப் போற செங்குத்துக் கோட்டுக்கு இந்தப் பக்கம் எழுவாய், அந்தப் பக்கம் பயனிலை. வினைக்கு அப்புறம், கீழே இறங்காம பாதியில நிக்குற இன்னொரு கோடு. அதுக்கு அப்புறம் செயப்படுபொருள். மத்த வார்த்தைகள் எல்லாம் கீழே சாய்ஞ்ச கோடுகள்ல தொங்கும்.

இப்போ நம்ம ஸ்கூட்டரை எங்கே தொங்க விடுவீங்க? ‘தீஃப்’ கீழேயா, ‘சேஸ்ட்’ கீழேயா? ரெண்டுல ஒண்ணை முடிவு பண்ணாம படத்தை முடிக்கவே முடியாது. ஒப்பிக்கிற பையன் தப்பிச்சுடலாம், வரையுற பையன் தப்பிக்க முடியாது. இந்த முறையோட பெரிய பலமே இதுதான்னு எனக்குத் தோணுது. எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன், பள்ளியில வாக்கியம் வரையுறதை விட உற்சாகமான விஷயம் வேற இருந்திருக்குமான்னு தெரியலைங்கிற அளவுக்கு இதை ரசிச்சவங்க. (கணக்கு வாத்தியார்களுக்கு இப்படி ஒரு ரசிகை கிடைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.)

இந்தப் படத்துல வார்த்தை வரிசை தொலைஞ்சு போயிடும். ‘டிட் த போலீஸ் சேஸ் த தீஃப்?’னு கேள்வியா கேட்டாலும், ‘டிட்’ போய் வினையோட உட்கார்ந்துக்கும். சாதாரண வாக்கியத்தோட அமைப்பேதான் வரும். குறைன்னு சொல்லலாம். ஆனா கேள்விக்கும் பதிலுக்கும் அடியில ஒரே எலும்புக்கூடு இருக்குன்னு அந்தக் கோடுகள் சத்தமில்லாம சொல்லிட்டு இருந்துச்சு.

அடுத்த பெரிய திருப்பம் 1957, நோம் சாம்ஸ்கியோட ‘சின்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ்’. வாக்கியத்தைப் பெரிய துண்டு, அதுக்குள்ள சின்னத் துண்டுன்னு பிரிக்கிற வேலையை லியோனார்ட் புளூம்ஃபீல்ட் 1933லயே எழுதியிருந்தார். சாம்ஸ்கி அதை விதிகளா மாத்தினார். அந்த விதிகள் வரையுற படம்தான் தலைகீழா வளர்ற மரம். உச்சியில வாக்கியம். அதுலேர்ந்து பெயர்த்தொடர் ஒரு கிளை, வினைத்தொடர் ஒரு கிளை. அடியில இலைகள் மாதிரி வார்த்தைகள், பேசுற அதே வரிசையில. நம்ம வாக்கியத்துக்கு ரெண்டு மரம் வரும்: ஒண்ணுல ஸ்கூட்டர் திருடனோட கிளைக்குள்ள, இன்னொண்ணுல துரத்துற வினையோட கிளையில. சாதாரண வாக்கியமும் கேள்வியும் எப்படி உறவுங்கிறதுக்கும் அவர் தனியா விதிகள் எழுதினார். பள்ளிக்கூடப் படம் பூசி மறைச்ச இடம் இப்போ ஆராய்ச்சியா ஆயிடுச்சு.

வேடிக்கை என்னன்னா, பல்கலைக்கழகத்துல மரம் வளர்ந்த அதே காலத்துல பள்ளிக்கூடத்துல கோடு அழிஞ்சுட்டு வந்துச்சு. 1963ல அமெரிக்க ஆங்கில ஆசிரியர்களோட தேசிய அமைப்பு ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. இலக்கணப் பாடம் மாணவர்களோட எழுத்தை மேம்படுத்துறது ரொம்பக் குறைவு, எழுதிப் பழகுற நேரத்தைத் தின்னுறதால கெடுதலாக்கூட ஆகலாம்னு சொன்னாங்க. 1985ல, தனியா நடத்துற இலக்கணப் பயிற்சிகளுக்கு எதிரா தீர்மானமே போட்டாங்க. அந்த முடிவோட எனக்குச் சண்டை இல்லை. கோடு போட்டா கட்டுரை நல்லா வரும்னு நம்பினது பேராசைதான். ஆனா வாக்கியத்தைத் துல்லியமாப் படிக்கிறதுக்கு இது உதவுமாங்கிறது வேற கேள்வி. ரெண்டையும் ஒரே தராசுல வெச்சுட்டாங்களோன்னு ஒரு சந்தேகம்.

கடைசியில அந்தப் பழைய ஹோம்வொர்க் கம்ப்யூட்டருக்காகத் திரும்பி வந்துச்சு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல ‘பென் ட்ரீபேங்க்’னு ஒரு திட்டம், 1993ல அதைப் பத்தின முக்கியமான கட்டுரை வந்துச்சு. நாற்பத்தஞ்சு லட்சம் வார்த்தைக்கு மேல இங்கிலீஷ் சேர்த்தாங்க. அதுல பெரும் பகுதிக்கு மென்பொருள் முதல்ல அரைகுறையா மரம் போடும், மனுஷங்க உட்கார்ந்து திருத்துவாங்க. வாக்கியத்தைப் பிரிக்கிற மென்பொருள்கள் பல வருஷம் பாடம் படிச்சது இந்த மரங்கள்லதான். நம்ம ஸ்கூட்டர் மாதிரி, எந்தக் கிளைன்னு மனுஷங்களாலயே தீர்மானிக்க முடியாத வாக்கியங்கள் அங்கேயும் வந்துச்சு. அதுக்குன்னே ஒரு குறி வெச்சாங்க: நட்சத்திரம், பி, பி, ஏ, நட்சத்திரம். இந்தத் துண்டு ரெண்டு இடத்துலயும் பொருந்தும், விட்டுடுங்கன்னு அர்த்தம்.