ஆர்க்யுமென்ட்

நிரலில் ஒரு ஃபங்ஷனை அழைக்கும்போது அதற்கு நாம் தரும் மதிப்பே ஆர்க்யுமென்ட். வாதத்தைக் குறிக்கும் சொல் இங்கே எப்படி வந்தது? லத்தீனில் ‘அர்குவேரே’ என்றால் தெளிவாக்குதல். ஒளிர்வு, வெண்மை என்று பொருள்படும் பழைய வேரிலிருந்து பிறந்தது என்பர். வெள்ளிக்கான ‘அர்கெந்தும்’, வெண்மையைச் சொல்லும் வடமொழி ‘அர்ஜுன’ ஆகியவையும் அதே வேரில் பிறந்தவைதான். வில்லாளிக்கும் நிரலாளிக்கும் இப்படியொரு உறவு! இடைக்கால வானியலார், கோள் அட்டவணையில் விடை தேட எடுத்துக்கொண்ட கோணத்துக்கு இப்பெயரிட்டனர். 14ஆம் நூற்றாண்டிலேயே சாசர் இப்பொருளில் ஆண்டிருக்கிறார். கணிதம் வாங்கிக்கொண்டது, கணினிக்கும் வந்தது.

சி++ கிளாஸைப் பைதனுக்குத் திறந்துவிடுகையில்தான் இந்த ஆர்க்யுமென்ட்களில் சிக்கல். சி++ வரிசையை மட்டும் பார்க்கும்; பைதன்காரர் ‘அகலம்=3’ என்று பெயர்சொல்லித் தந்து பழகியவர். சி++ ஃபங்ஷனின் டைப்பில் ஆர்க்யுமென்ட் பெயர்களும் இல்லை, டிஃபால்ட் மதிப்புகளும் இல்லை. எனவே இவ்விரு மொழிகளையும் இணைக்கும் பைபைண்ட்11 நூலகத்தில் ‘ஆர்க்’ என்று எழுதி, பெயர், மதிப்பு இரண்டையும் நாமே மறுபடி சொல்ல வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனாலும் செய்துவிடுங்கள், நீளமும் அகலமும் இடம் மாறினால் இரு மொழிகளுமே வாய் திறக்காது.