எங்கிருந்து ஒழுகுகிறது? ஒரு கணக்கெடுப்புக் கேள்வியின் மறுவாசிப்பு

இந்தியாவின் மூன்றாவது மாவட்ட அளவிலான குடும்பக் கணக்கெடுப்பு (2007–08) 6,43,944 பெண்களைச் சந்தித்தது. பிறப்புறுப்பு வழியே சிறுநீரோ மலமோ ஒழுகுவதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 1.5 விழுக்காடு. இதைத் தடைப்பட்ட பிரசவத்தால் வந்த ஃபிஸ்டுலாவின் (உறுப்புகளுக்கிடையே விழும் ஓட்டையின்) அளவாகவே எடுத்தாளும் ஆய்வுமரபு ஒன்று உண்டு. அந்தப் பெண்கள் சொன்னது ஒழுக்கைத்தான். ஒழுக்கு மட்டுமே காரணத்தைச் சொல்லிவிடாது.

'ஆமாம்' என்றவர்களுக்குள் குறைந்தது மூன்று வகையினர் கலந்திருக்கக்கூடும்: இருமினால் சொட்டுகிறவர், சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்தவர், கருப்பையை எடுக்கும்போது சிறுநீரகக் குழாய் வெட்டுப்பட்டவர் அல்லது தையலில் சிக்கியவர். மூன்றாமவருக்குப் பெரும்பாலும் ஒரு பக்கக் குழாய்தான் பழுது. மறுபக்கச் சிறுநீரகம் பையை நிரப்புகிறது. எனவே வழக்கம்போலச் சிறுநீரும் போகும். கூடவே இரவும் பகலும் ஒழுகும். இந்தக் 'கூடவே'யைக் கேட்காத படிவத்திலிருந்து காரணத்தை எடுக்க முடியாது.

பிரித்தறியப் பெரிய கருவி வேண்டியதில்லை. யோனிக்குள் மூன்று பஞ்சுருண்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, வடிகுழாய் வழியே சிறுநீர்ப்பையில் நீலச் சாயநீரை ஏற்றி, பெண்ணைச் சற்று நடக்கவிட்டு வெளியே எடுப்பார்கள். உள்ளே இருந்த பஞ்சு நீலமானால் பை. நனைந்தும் நிறம் ஏறவில்லையென்றால் சிறுநீரகக் குழாய். வெளிப்பஞ்சு மட்டும் நீலமென்றால் பெரும்பாலும் சிறுநீர்வாய்க் கசிவு.

காரணத்தைப் பிரிக்க ஒழுக்கு தொடங்கிய நாளே போதும் என்பார்கள்: உடனே என்றால் கத்தி, ஒரு வாரம் கழித்து என்றால் பிரசவம். குழந்தையின் தலை அழுத்தி ரத்தவோட்டம் நின்ற திசு சில நாள் கழித்து உதிர்வது உண்மை. ஆனால் அறுவையின்போது மின்சூட்டில் கருகிய திசுவும் அதேபோல நாள் கடந்துதான் உதிர்கிறது.

வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் கத்தி, பிரசவம் என்ற இந்த இருபிரிவு இன்னும் தள்ளாடுகிறது. எஸ்டேட் லைன் வீட்டில் வலி கண்டு, 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் பொள்ளாச்சியில் சிசேரியன் ஆனவருக்கு எட்டாம் நாள் ஒழுகினால், அது பிரசவத்தின் கணக்கா, கத்தியின் கணக்கா? நெடுநேரம் நசுங்கி வீங்கிய பை, கத்தி படும்போது எளிதில் கிழியும். ஆகவே இரண்டும்தான். படிவத்தின் ஒரே கட்டத்தில் இதை அடைக்க முடியாது.

தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 விழுக்காடு, சிசேரியன் 44.9 (தேசியக் குடும்பநல ஆய்வு, 2019–21). இவை காயத்தின் எண்கள் அல்ல. ஆனாலும் காயம் நேரும் இடம் அறுவை அறைப்பக்கம் நகர்ந்திருக்கிறது என்று கருத வலுவான இடமிருக்கிறது. காரணம் கேட்டால் மருத்துவர்கள் மிரண்டு மறைப்பார்கள் என்ற ஆட்சேபம் நோயாளியைப் பற்றியதே அல்ல, அதை ஒதுக்கிவிடலாம்.

புதிதாக விழுந்த சிறு ஓட்டை, சில வாரம் வடிகுழாய் வைத்தாலே சிலருக்கு மூடிவிடுகிறது. அடைபட்ட குழாயோ வலியே காட்டாமல் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடலாம். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கும் பெண், துணியை நாலாக மடித்து வைத்துச் சமாளித்துக்கொண்டே வேலைக்கு நடந்துவிடுவார். பிரசவமோ கருப்பை அறுவையோ முடிந்த பதினைந்து நாளுக்குள், செவிலியர் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்க வேண்டியவை மூன்று: எப்போது தொடங்கியது, என்ன அறுவை நடந்தது, கூடவே சிறுநீரும் போகிறதா.