கூனியின் முதுகு

போன மாதம் ஜொகூர் பாருவிலிருந்து மூன்று தம்பிகள் ஒரு நாடகப் பிரதியோடு ரெங்கத்துக்கு வந்திருந்தார்கள். மேடையில் ஒரு த்ரில்லர் போட வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. கதை 2070இல் நடக்கிறது. தோட்டங்கள் எல்லாம் போய், பழைய சுடுகாடுகள் எங்கே இருந்தன என்பதே யாருக்கும் தெரியாத காலம். அது தெரிந்த ஒரே ஆள் முதுகு வளைந்த ஒரு கிழவி. நிலம் வாங்க வந்த கும்பல் அவளைத் தேடி வருகிறது. ஓர் இரவு, ஒரு வீடு, நான்கு பேர். நன்றாகவே எழுதியிருந்தார்கள். கடைசிக் காட்சி வரும்வரை பிரதியைக் கீழே வைக்கவில்லை.

கடைசிக் காட்சியில் ஒரு எந்திரம் அவளுடைய முதுகெலும்பை நிமிர்த்திவிடுகிறது. நேராக எழுந்து நின்று வில்லனைப் பார்க்கிறாள். விளக்கு அணைகிறது.

"இது எதுக்கு?" என்றேன்.

"ஆடியன்ஸ் கை தட்டுவாங்கண்ணே."

தட்டுவார்கள்தான். ஆனால் எனக்கு அந்த முதுகு பழக்கமான முதுகு. அதற்கு என் பெரியம்மா ஒரு காரணம். இன்னொரு காரணம், தமிழ் மேடைக்கு அந்த முதுகு புதிதே இல்லை என்பது. தம்பிகளிடம் அன்றைக்குச் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

தமிழில் மேடை பற்றி விரிவாகப் பேசும் மிகப் பழைய பகுதி சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. அரங்கின் அளவு, திரைகள், தூண் நிழல் விழாமல் விளக்கு வைப்பது எல்லாம் அதில் இருக்கிறது. பள்ளியில் அதைத்தான் படித்தோம். மாதவி ஆடுகிறாள், அரசன் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையைப் பரிசாகக் கொடுக்கிறான். அதற்குப் பிறகு நடப்பதை வாத்தியார்கள் வேகமாகக் கடந்துவிடுவார்கள். அந்த மாலையை நகரத்து இளைஞர்கள் நடமாடும் தெருவில் நின்று விற்பவள் ஒரு கூனி. கோவலன் அவளிடம்தான் வாங்குகிறான், அவளோடுதான் மாதவி வீட்டுக்குப் போகிறான். மதுரை எரிவதற்கான முதல் அடி அந்தத் தெருவில் எடுத்து வைக்கப்படுகிறது. அவளுக்குப் பெயர் கிடையாது. போன பிறகு காப்பியம் அவளைத் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

அரண்மனைகளிலும் பெரிய வீடுகளிலும் கூனரும் குறளரும் ஏவல் வேலைக்கு இருந்ததை அந்தக் காலத்து இலக்கியம் சர்வசாதாரணமாகச் சொல்கிறது. அவர்கள் வீட்டின் ரகசியங்களைத் தெரிந்தவர்கள். கதைக்குத் திருப்பம் வேண்டும் என்றால் கவிஞனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்கள். மந்தரையும் அப்படிப்பட்டவள்தான், கைகேயி தாய்வீட்டிலிருந்து கூட்டிவந்த வேலைக்காரி.

வால்மீகியில் அவள் ஏன் ராமனுக்கு எதிராகப் பேசுகிறாள் என்பதற்குப் பெரிய காரணம் இல்லை. மாடியில் ஏறி நகரம் அலங்கரிக்கப்படுவதைப் பார்க்கிறாள், எரிகிறாள். மனம் மாறிய பிறகு கைகேயி அவளுடைய கூனையே புகழ்கிறாள்: உன் யோசனைகளும் ராஜதந்திரமும் அதற்குள்தான் இருக்கின்றன, அதற்கு நான் பொன்மாலை போடுவேன் என்கிறாள். கிண்டலா பாசமா என்று எனக்கு இன்றுவரை பிடிபடாத இடம் அது. பிறகு சத்ருக்னன் அவளைப் பிடித்துத் தரையில் இழுக்கிறான், பரதன் தடுக்கிறான்.

தமிழில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. சின்ன வயதில் ராமன் வில்லில் மண் உருண்டை வைத்து அவள் கூனைக் குறிபார்த்து அடித்தான். கம்பனின் மந்தரை சூழ்ச்சிப் படலத்தில், கோபத்தோடு வரும் கூனி அந்தப் பழைய அடியை மனதில் வைத்திருக்கிறாள். கம்பன் அவளை நல்லவளாக்கவில்லை. ராவணன் செய்த தீமையே உருவெடுத்து வந்ததுபோலத்தான் அவளை அறிமுகம் செய்கிறான். ஆனாலும் அந்த ஒரு உருண்டையைப் போட்டுவிட்டான். ராமாயணம் முழுவதும் ராமன் காரணமே இல்லாமல் ஓர் ஆளை அடித்த இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வாலியை மறைந்து நின்று அடித்ததற்குக்கூட நூறு நியாயம் சொல்லியிருக்கிறார்கள்.

கம்பனுக்கு முன்பே ஆழ்வார்கள் இதைப் பாடிவிட்டார்கள். திருவாய்மொழியில் நம்மாழ்வார் பாடுகிறார். ஆனால் அந்த இடத்தில் அவர் கூப்பிடுவது ராமனை இல்லை, கோவிந்தனை. ஈட்டு உரை அதற்கு ஒரு சமாதானம் சொல்கிறது: இந்த மாதிரிக் குறும்பெல்லாம் கண்ணனுக்குத்தான் பொருந்தும், எனவே பழியை அவன் தலையில் போட்டுவிடுகிறார் ஆழ்வார். உரைகாரர்களுக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்கிறது என்பதுதான் எனக்கு இதில் தெரிகிறது. அடித்தது கூனை நிமிர்த்தத்தான் என்று சொல்லிச் சமாளிப்பவர்களும் உண்டு. திருமழிசையாழ்வாருக்கு அந்தச் சங்கடம் எதுவும் இல்லை. திருச்சந்த விருத்தத்தில், கூனியின் கூன்மேல் உருண்டை எறிந்து உள்ளூர மகிழ்ந்தவன் வாழும் ஊர் என்று சொல்லிவிட்டு ஓர் ஊர்ப் பெயரைச் சொல்கிறார். அரங்கம். சீரங்கம்.

எங்கள் ரெங்கத்துக்கும் அந்த அரங்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இது குளுவாங் மாவட்டத்தில், குளுவாங்குக்கும் லாயாங் லாயாங்குக்கும் நடுவில், ரயில் நின்று போகும் சின்ன ஊர். 1909இல் முடிந்த ஜொகூர் ரயில் பாதை இல்லையென்றால் இங்கே கித்தா மரமும் இருந்திருக்காது, நாங்களும் இருந்திருக்க மாட்டோம். ஆனால் என் பாட்டி சாகும்வரை இதைச் 'சீரெங்கம்' என்றுதான் சொன்னார். பெருமாள் கோயிலே இல்லாத சீரெங்கம்.

அருணாசலக் கவிராயர் (1711–1779) தன் ராம நாடகக் கீர்த்தனையை அரங்கேற்றியதும் அந்தச் சீரங்கத்தில்தான். கம்பனின் கதை தருவும் விருத்தமுமாகப் பாமர மக்களுக்கு வந்து சேர்ந்தது அந்த வழியாக. பிறகு சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகள் வந்தன. தமிழ்நாட்டுக் கம்பெனிகள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறி வந்து நாடகம் போட்டன. அவர்கள் திரும்பிப் போனார்கள், பாட்டுகள் தோட்டங்களிலேயே தங்கிவிட்டன. மாரியம்மன் கோயில் திருவிழாவின் மூன்றாம் நாள் ராத்திரி எங்கள் தோட்டத்தில் ராமாயணம். பெரட்டுக்களத்தில் மேடை. பால் சேகரிக்கும் தோம்புகளைக் கவிழ்த்துப் பலகை போட்டிருப்பார்கள். பெண் வேடம் எல்லாம் ஆண்கள்தான். ராமனாக வருபவருக்கு நல்ல குரல் வேண்டும், கைகேயிக்கு நல்ல முகம் வேண்டும். கூனிக்கு முதுகில் கட்ட ஒரு தலையணை போதும். அவள் வந்தால் சிரிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பெரியம்மாவுக்குச் சின்ன வயதில் முதுகெலும்பில் காசநோய். பிழைத்துக்கொண்டார், முதுகு வளைந்துவிட்டது. தோட்டத்தில் உடம்புக்கு ஒரு விலை உண்டு. 1920களின் பின்பாதியில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வைத்திருந்தார்கள். வளைந்த முதுகுக்குக் கணக்கே இல்லை. 1907இல் ஏற்படுத்திய தமிழர் குடியேற்ற நிதி ஆட்களைக் கொண்டுவர மட்டும் செலவாகவில்லை, உழைக்க முடியாமல் போனவர்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பவும் செலவானது. பெரியம்மா பிறந்தது இங்கேயே, திருப்பி அனுப்ப ஊர் கிடையாது. ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கும் வேலை கொடுத்தார்கள். தோட்டத்தில் எனக்கு முன்னும் பின்னும் பிறந்த எல்லாரையும் ஆட்டித் தூங்கவைத்தது அவர்தான். பிரட்டு சத்தம் கேட்பதற்கு முன் இருட்டில் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவரிடம் விட்டுவிட்டு அம்மாக்கள் வெளிக்காட்டுக்குப் போவார்கள்.

1979 திருவிழாவுக்கு முன்பு கூனி வேடம் போடுபவர் ஒரு வாரம் ஆயாக்கொட்டகைப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார். பெரியம்மா எப்படி நடக்கிறார், எப்படிக் குனிந்து தண்ணீர் மொள்கிறார், நிமிர்ந்து பேசும்போது கழுத்தை எப்படித் திருப்புகிறார் என்றெல்லாம் பார்த்துக்கொண்டார். மேடையில் அதை அப்படியே செய்தார். ஜனம் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, நானும் சிரித்தேன். பெரியம்மா முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாளிலிருந்து அவர் பெயர் கூனி. பையன்களிடம் லாஸ்டிக் இருந்தது, தீம்பாரில் கித்தாக் கொட்டைக்குப் பஞ்சம் இல்லை.

1988இல் பக்கத்து வீட்டில் வீடியோ கேசட்டில் ராமானந்த் சாகரின் ராமாயணம் பார்த்தோம். இந்தி யாருக்கும் புரியாது, கதைதான் தெரியுமே. மந்தரையாக லலிதா பவார். அவருடைய இடது கண் இடுங்கியிருப்பதை நடிப்பு என்றே நினைத்திருந்தேன். வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன்: 1942இல் ஒரு படப்பிடிப்பில் சக நடிகர் அறைந்த அறை பலமாகப் பட்டு, முகத்தில் ஒரு பக்கம் செயலிழந்து, கண்ணும் பாதிக்கப்பட்டது. அதுவரை கதாநாயகி. சிகிச்சை முடிந்து வந்த பிறகு கொடுமைக்கார மாமியார், சூழ்ச்சிக்காரி. நாற்பது வருடம் அப்படி நடித்து மந்தரையில் வந்து நின்றார். முகம் கெட்டால் குணமும் கெட்டதாகிவிடும் என்று சினிமா முடிவு செய்தது, அவ்வளவுதான்.

ராமாயணத்தைத் திருப்பிப் போட்டவர்கள் தமிழில் குறைவில்லை. புலவர் குழந்தை 1946இல் ராவண காவியம் எழுதினார், இரண்டு வருடத்தில் அரசாங்கம் தடை செய்தது. எம்.ஆர். ராதா 1954இல் தன் ராமாயணத்தைப் போட்டார், அந்த வருடமே நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. ஆர்.எஸ். மனோகர் இலங்கேஸ்வரன் போட்டார். புதுமைப்பித்தன் 'சாப விமோசன'த்தில் அகலிகைக்காகக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டார். ராவணனுக்கு ஆள் இருந்தது, அவன் ராஜா. உருண்டை அடி வாங்கிய வேலைக்காரிக்காக அந்த அளவுக்கு யாரும் சண்டை போடவில்லை.

தம்பிகளின் கடைசிக் காட்சிக்கு வருகிறேன். பாகவதத்தில் இன்னொரு கூனி உண்டு. கம்சனுக்குச் சந்தனம் அரைப்பவள். மதுரா வீதியில் கண்ணன் அவள் பாதத்தைத் தன் காலால் அழுத்தி, முகவாயைப் பிடித்து உயர்த்த, அவள் நிமிர்ந்து அழகியாகிவிடுகிறாள். ஆக நம் கதைகளில் வளைந்த முதுகுக்கு இரண்டே வழி: சூழ்ச்சி செய்து அடி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் நல்லவளாக இருந்து நிமிர வேண்டும். வளைந்த முதுகோடேயே கதை முடியும்வரை இருக்க அவளுக்கு அனுமதி கிடையாது. எந்திரம் வைத்து நிமிர்த்தினாலும் அது பாகவதம்தான். அதை விஞ்ஞானப் புனைவு என்று சொல்லி என்னை ஏமாற்ற முடியாது.

"அப்ப த்ரில்லரே வேணாமாண்ணே?" என்று ஒரு தம்பி கொஞ்சம் கோபமாகவே கேட்டான். வேண்டும். ஃபிரெடெரிக் நாட் எழுதிய 'வெயிட் அன்டில் டார்க்' 1966இல் பிராட்வேயில் மேடையேறியது. பார்வையற்ற பெண், வீட்டுக்குள் மூன்று ஏமாற்றுக்காரர்கள், ஒரு பொம்மைக்குள் போதைப்பொருள். அவளுக்குக் கடைசிவரை பார்வை வரவில்லை. வீட்டில் உள்ள விளக்குகளை எல்லாம் உடைத்து, வந்தவனையும் தன்னைப் போல் இருட்டில் நிற்க வைக்கிறாள். குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு விளக்கு இருப்பதை மட்டும் மறந்துவிடுகிறாள், பார்க்கிறவர்கள் அலறுவது அங்கேதான். அவள் எந்த விதத்தில் இருக்கிறாளோ அதிலிருந்தே கதை பிறக்கிறது. நம் ஆட்களுக்கு நயன்தாராவின் 'நெற்றிக்கண்' (2021) தெரிந்திருக்கும், அது கொரியப் படத்தின் மறு ஆக்கம்.

இதிலும் ஒரு குறை உண்டு. மேடையில் நடித்த லீ ரெமிக், படத்தில் நடித்த ஆட்ரி ஹெப்பர்ன், இங்கே நயன்தாரா, எல்லாருமே பார்வை உள்ளவர்கள். பயிற்சி எடுத்துக்கொண்டு நடித்தார்கள். ஆயாக்கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டவரும் ஒரு வகையில் பயிற்சிதானே எடுத்துக்கொண்டார். மார்க் மெடாஃப் தன் 'சில்ட்ரன் ஆஃப் எ லெஸ்ஸர் காட்' நாடகத்தில் காது கேளாத பாத்திரத்தைக் காது கேளாத நடிகைக்காகவே எழுதினார். ஃபிலிஸ் ஃப்ரெலிக் 1980இல் அதற்காக டோனி விருது வாங்கினார். இதைச் சொன்னதும் தம்பிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வாடகைக்குப் பேசி வைத்திருந்த மண்டபம் இரண்டாம் மாடியில், மின்தூக்கி இல்லை. உடல் குறையுள்ளோர் சட்டம் மலேசியாவில் 2008இல் வந்தது, படிக்கட்டு அதற்கு முன்பே கட்டப்பட்டுவிட்டது.

மண்டபத்தை மாற்றப் பார்க்கிறோம் என்று போன வாரம் சொன்னார்கள். கடைசிக் காட்சி இன்னும் முடிவாகவில்லை. சுடுகாடு இருக்கும் இடத்தை அவள் சொல்வதா வேண்டாமா என்பதில் மூன்று பேருக்கும் சண்டையாம். நல்ல சண்டை என்று சொன்னேன்.

இன்னொன்றையும் அவர்களிடம் சொன்னேன். 1979இல் கித்தாக் கொட்டை அடித்த பையன்களில் நானும் ஒருவன். ஏழு வயது. ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து நின்று அடித்தேன், பட்டது. பெரியம்மா திரும்பிப் பார்த்தார், நான் ஓடிவிட்டேன். அம்மாவிடம் அவர் சொல்லவில்லை. சாயங்காலம் வழக்கம்போல எனக்குக் கோப்பியும் பிஸ்கட்டும் கொடுத்தார். அவர் பார்க்கவில்லை என்று பதினெட்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். 1997இல், தோட்டத்தை விட்டு வெளியேறி ரெங்கம் டவுனில் வீடு எடுத்த பிறகு, கம்பனைப் படித்த கையோடு ஒருநாள் கேட்டேன்.

"பெரியம்மா, சின்ன வயசுல ஒங்க முதுகுல லாஸ்டிக்ல அடிச்சேன், ஞாபகம் இருக்கா?"

அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"முதுகுல இல்லடா," என்றார். "கழுத்துல."