பொறுப்பு தனி, தேவை கூட்டு: துணைவர் பராமரிப்பு இல்லம் சேரும்போது இங்கிலாந்தின் ஓய்வூதிய விதிகள்

முதுமையில் தம்பதியரில் ஒருவர் நிரந்தரமாகப் பராமரிப்பு இல்லம் சேர்ந்துவிட்டால், அதுவரை ஒன்றாக நடந்த வரவுசெலவு இரண்டாகிறது. இல்லக் கட்டணம் புதிதாக வருகிறது. வீட்டில் இருப்பவருக்கோ வாடகையோ வெப்பமூட்டும் செலவோ பாதியாகக் குறைவதில்லை. இந்நிலையில் இல்லத்தில் இருப்பவரின் ஓய்வூதியத்தில் மற்றவருக்கு என்ன பங்கு உண்டு என்பதை இங்கிலாந்தின் சட்டம் எவ்வாறு தீர்க்கிறது, அத்தீர்வு யாருக்குப் பயன்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கட்டணத்துக்கு யார் பொறுப்பு என்ற வினாவுக்குச் சட்டம் தனிமனிதரை அளவாகக் கொள்வது சரி. வாழ எவ்வளவு தேவை என்ற வினாவுக்கும் அதே அளவைக் கொண்டது பிழை என்பதே இதன் வாதம்.

பொறுப்பு தனியானது

1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம், 42ஆம் பிரிவில், கணவனையும் மனைவியையும் ஒருவர் மற்றவரைப் பராமரிக்கக் கடமைப்பட்டவராக்கியது. இதைக் காட்டி உள்ளாட்சி மன்றங்கள் வீட்டில் இருப்பவரிடமும் பணம் கேட்க முடிந்தது. 2009இல் இங்கிலாந்தில் இவ்விதி ஒழிந்தது. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, இல்லம் சேர்ந்தவரின் வருமானமும் சொத்தும் மட்டுமே கணக்கிடப்படும். கூட்டு வங்கிக் கணக்கில் பாதி மட்டுமே அவருடையதாகக் கொள்ளப்படும். துணைவர் தொடர்ந்து வசிக்கும்வரை வீட்டின் மதிப்பு, மன்றத்தின் உதவி பெறுவதற்கான 23,250 பவுண்டு என்ற சொத்து உச்சவரம்பில் சேராது. மனைவியின் சேமிப்பைக் கணவனின் கட்டணத்துக்கு இழுக்காத இம்மாற்றம் காக்கப்பட வேண்டிய முன்னேற்றம்.

பெயரும் உழைப்பும்

ஆனால் தனிமனித அளவுகோல், வருமானம் யார் பெயரில் வருகிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. இன்று எண்பது வயதைக் கடந்த பெண்கள் பலருடைய ஓய்வூதிய வரலாறு வேறு. மணமான பெண்கள் குறைந்த தேசியக் காப்பீட்டுச் சந்தாவைத் தேர்ந்துகொள்ளும் வழி 1977 வரை திறந்திருந்தது; அந்தச் சந்தாவால் அவர்கள் பெயரில் ஓய்வூதியம் சேரவில்லை. பிள்ளை வளர்த்த ஆண்டுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது 1978இல்தான். கணவனின் சந்தாவைக் கொண்டு மனைவி பெறும் அடிப்படை ஓய்வூதியம் முழுத்தொகையில் அறுபது விழுக்காடு. 2025–26இல் அது வாரத்துக்கு 105.70 பவுண்டு. கணவன் பெயரில் வரும் பணிவழி ஓய்வூதியத்தில் மனைவியின் ஊதியமில்லா உழைப்பும் அடங்கியிருக்கிறது. சட்டத்தின் கணக்கில் அதற்கு இடமில்லை.

இதைச் சரிக்கட்டவே பாதிப் பங்கு விதி உள்ளது. இல்லம் சேர்ந்தவர் தம் பணிவழி ஓய்வூதியத்திலோ தனியார் ஓய்வூதியத்திலோ பாதியை வீட்டிலுள்ள துணைவருக்குக் கொடுத்தால், உள்ளாட்சி மன்றம் அந்தப் பாதியைக் கணக்கில் சேர்க்காது. பாதிக்குக் குறைவாகக் கொடுத்தால் விலக்கே இல்லை. அரசு ஓய்வூதியம் இவ்விதிக்குள் வராது. திருமணமோ குடிமை இணைப்புப் பதிவோ இன்றிச் சேர்ந்து வாழ்ந்தவருக்கு இது உரிமையாகக் கிடைக்காது. மன்றம் விரும்பினால் சலுகை காட்டலாம்.

யாருக்கு ஆதாயம்?

ஒருவர் நிரந்தரமாக இல்லம் சேர்ந்ததும், குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான பென்ஷன் கிரெடிட் என்ற அரசு உதவிக்கு இருவரும் தனித்தனி ஆட்களாகின்றனர். 2025–26இல் தனியாளுக்கு உறுதிசெய்யப்பட்ட வாராந்தரத் தொகை 227.10 பவுண்டு. கூடுதல் உதவிகளைத் தள்ளிவிட்டு, பெரிய சேமிப்பு இல்லாத, 105.70 பவுண்டு மட்டும் பெறும் மனைவியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அரசு 121.40 பவுண்டு சேர்த்து அவரை 227.10க்குக் கொண்டுவருகிறது. கணவனின் பணிவழி ஓய்வூதியம் 200 பவுண்டு என்றால் பாதியான 100 மனைவிக்கு வரும். அது அவருடைய வருமானமாகக் கணக்கிடப்படுவதால் அரசு உதவி 21.40ஆகச் சுருங்கும், கூட்டினால் அதே 227.10. கணவன் மன்றத்துக்குக் கட்டும் பங்கு 100 பவுண்டு குறைகிறது, கருவூலத்தின் செலவும் 100 பவுண்டு குறைகிறது, மனைவிக்கு ஒரு பென்னி கூடவில்லை. பெயர் மனைவிக்கு, பணம் கருவூலத்துக்கு.

கணவனின் ஓய்வூதியம் 300 பவுண்டானால் மனைவிக்கு வரும் 150இல் உண்மையான ஆதாயம் 28.60 மட்டுமே. அப்போதும் பென்ஷன் கிரெடிட் முற்றிலும் நின்று, அதை ஒட்டி எழுபத்தைந்து வயதைக் கடந்தோருக்குக் கிடைக்கும் இலவசத் தொலைக்காட்சி உரிமம் போன்றவையும் போகலாம். ஆக இவ்விதியால் முழுப் பயன் பெறுபவர் உறுதித்தொகைக்கு மேல் ஏற்கெனவே வருமானம் உள்ள துணைவர்தாம். வறியவருக்கு அது இரண்டு அரசுக் கணக்குகளுக்கு இடையிலான பற்றுவரவு.

அமெரிக்க ஒப்பீடு

அமெரிக்காவில் வறியோரின் பராமரிப்புச் செலவை ஏற்கும் மெடிகெய்ட் என்ற அரசுத் திட்டம் எதிர்த்திசையில் தொடங்குகிறது. 1988ஆம் ஆண்டின் மெடிகேர் பேரிடர்ச் செலவுச் சட்டத்தில் பெரும்பகுதி மறு ஆண்டே நீக்கப்பட்டது. வீட்டிலுள்ள துணைவர் வறுமையில் விழாமல் காக்கும் பிரிவுகள் நிலைத்தன. வீட்டிலிருப்பவரின் மாத வருமானம் இருவர் குடும்பத்துக்கான வறுமைக்கோட்டில் 150 விழுக்காட்டுக்குக் குறைந்தால், மற்றவரின் வருமானத்திலிருந்து ஈடுசெய்யலாம். அரசு ஓய்வூதியமும் இதற்கு விலக்கல்ல. 2025 நடுப்பகுதியில் அந்த அடிமட்டம் 2,643.75 டாலர். இதன் குறை சொத்தில் உள்ளது: இருவர் சொத்தும் ஒன்றாகக் கூட்டப்பட்டு, 2025இல் அதிகபட்சம் 157,920 டாலர்தான் வீட்டிலிருப்பவருக்கு ஒதுக்கப்படும்.

இரு முறைகளின் வலுவும் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. சொத்தில் இங்கிலாந்தின் தனிக்கணக்கு துணைவரைக் காக்கிறது. வருமானத்தில் அமெரிக்காவின் தேவைக்கணக்கு காக்கிறது. ஒன்றை ஏற்க மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை. எனவே நான்கு மாற்றங்கள் தேவை. பகிரத்தக்க ஓய்வூதியத்தில் அரசு ஓய்வூதியமும் சேர வேண்டும். பகிரும் அளவு பாதி என்ற நிலையான பின்னமாக இராமல் வீட்டிலிருப்பவரின் தேவையை ஒட்டி அமைய வேண்டும். மணமாகாத இணையருக்கும் இது உரிமையாக வேண்டும். பகிரப்பட்ட தொகையில் ஒரு பகுதியையாவது பென்ஷன் கிரெடிட் கணக்கு விட்டுவிட வேண்டும்.

உள்ளாட்சி மன்றங்களின் பராமரிப்பு நிதி ஏற்கெனவே நெருக்கடியில் உள்ளது என்ற மறுப்பு மெய்யானது. நான்கு மாற்றங்களுக்கும் செலவு உண்டு. ஆனால் இன்றைய விதியும் மன்றத்தின் வருவாயைக் குறைக்கவே செய்கிறது. அப்படிக் குறையும் பணம் வறிய துணைவரைச் சேராமல் கருவூலத்தில் தங்கிவிடுகிறது. கருவூலம் இவ்விதியால் மிச்சப்படுத்தும் தொகையை மன்றங்களுக்குத் திருப்புவதிலிருந்து சீர்திருத்தம் தொடங்கலாம். துணைவருக்காக இயற்றப்பட்ட ஒரு விதியின் செலவைத் துணைவர் பெறும் பயனோடு ஒப்பிட்டே எடைபோட வேண்டும். வறியவர் வீட்டில் அந்தப் பயன் இன்று சுழியம்.